தனக்கொடி வீட்டு ஆணியில் ஒரு பதக்கம்

பெண்களை வாசற்படிகூடத் தாண்டவிடாத சங்கங்களின் பதக்கங்களை ஒரு பெண் எதற்காகச் சேர்க்க வேண்டும் என்று என் தங்கை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர்கள் விடாததால்தான் என்று சொன்னால் அவளுக்குப் புரிவதில்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் பெரிய ஊர்களில் லாட்ஜ் என்று ஒன்று இருந்தது. தங்கும் விடுதி அல்ல, சகோதரச் சங்கம். ரயில்வே அதிகாரிகள், தோட்டத் துரைகள், வக்கீல்கள், கொஞ்சம் வசதியான உள்ளூர்க்காரர்கள் எல்லாம் மாதம் ஒருமுறை கூடிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இடுப்பில் தோல் ஏப்ரன், கழுத்தில் நாடாவில் கோத்த பதக்கம். ஒருவரையொருவர் சகோதரா என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். உள்ளே நடந்ததை வீட்டுக்காரியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு பதக்கங்கள் பழைய சாமான் கடைகளுக்கு வந்துவிட்டன. மலேசியாவில், எங்கள் ஈப்போவில், பல் மருத்துவமனைத் தாதியாக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முதல் பதக்கத்தை வாங்கினேன். அதோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

திருச்சிப் பக்கத்து ரயில்வே லாட்ஜ் ஒன்றின் பதவிப் பதக்கங்கள் மொத்தம் பத்து. செயலாளரின் பேனா, பொருளாளரின் சாவி, வாசல் காப்பவரின் வாள் என்று ஒன்பது என்னிடம் உண்டு. இல்லாதது தலைவருடையது. மூலைமட்டமும் வட்டம் போடும் கவராயமும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், நடுவில் ஒரு சூரியன். கல் கட்டும் கொத்தனாரின் கருவிகளைத்தான் அந்தக் கனவான்கள் தங்கள் சின்னமாக வைத்திருந்தார்கள். போன மாதம் பழம்பொருள் சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் அந்தப் பத்தாவதின் படம் வந்தது. அனுப்பியவர் பெரம்பலூரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பாய். பின்பக்கத்தில் பொறித்த லாட்ஜ் எண்ணும் சரியாக இருந்தது. விலைகூடக் கேட்காமல் அன்றே திருச்சிக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டேன்.

முதல் நாளே சறுக்கல். திருச்சியில் பஸ் ஏறும்போது கண்டக்டர், “பெரம்பலூர் உள்ள போகாதும்மா, பைபாஸ்லதான் நிப்பாட்டுவோம்” என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். தலையை ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனேன். விழித்தபோது நாலைந்து பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள், நானும் இறங்கினேன். பஸ் போன பிறகுதான் பலகையைப் பார்த்தேன். பாடாலூர் என்று போட்டிருந்தது.

டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பெரம்பலூரா? இன்னும் தூரம் இருக்குதுங்களே. ஒக்காருங்க, டீ குடிங்க. எதாவது வண்டி வரும்.” பருப்பு வடை சுடச்சுட வந்தது. எங்கள் ஊரில் வடைமேல் முழு இறாலைப் பதித்துப் பொரிப்போம் என்றேன். அவர் வடைச் சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “வடையிலயா?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

கடைசியில் சின்ன வெங்காயம் ஏற்றிப்போன ஒரு மினி லாரிதான் என்னை ஏற்றிக்கொண்டது. முன்சீட்டிலும் ஒரு மூட்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் போய்ச் சேர்ந்தேன். ஊர் திரும்பும்வரை என் கைப்பை சாம்பார் வாசனை அடித்தது.

மறுநாள் காலை பாயின் கடை. பித்தளைக் குடங்களுக்கும் உடைந்த கிராமபோன்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். மலேசியாவிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்தே விட்டார். “இதுக்காகவா வந்தீங்க? பொருள் எங்கிட்ட இல்லியேம்மா!”

பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“அரியலூர்ப் பக்கத்துலேருந்து ஒரு பொண்ணு எடுத்துட்டு வந்துச்சு. சித்தாள் வேல பாக்குற பொண்ணு. தங்கம் இல்ல, பித்தளையில முலாம்தான்னேன். போட்டோ எடுத்துக்கிட்டேன், ஆள் வந்தா சொல்றேன்னு குடுத்து அனுப்பிட்டேன். அதுல பாருங்க, விக்கணும்னு சொல்லுது, ஆனா வெலையே கேக்கல. இத்தன வருச வியாபாரத்துல அப்படி ஒருத்தரப் பாத்ததில்ல. திருட்டுச் சாமானோன்னு விசாரிச்சேன். மாஷா அல்லா, நல்ல குடும்பம்.”

விலாசமும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார். பெயர் தனக்கொடி. போன் போட்டேன். “நாளைக்கு ஞாயித்துக்கெழம, காலையிலயே வந்துருங்க. சாயங்காலம்னா வேணாம்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று பிற்பகல் அரியலூர் பஸ். வழியெல்லாம் சிமென்ட் லாரிகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும். ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றதில் ஒரு மணி நேரம் அசையவில்லை. ஜன்னலோரம் இருந்த எல்லோருக்கும் தூசியில் தலை நரைத்துவிட்டது. எனக்கு ஏற்கெனவே நரைத்ததால் நட்டமில்லை. ஈப்போவைச் சுற்றியும் சுண்ணாம்புக்கல்தான், ஆனால் அங்கே மலையாக நிமிர்ந்து நிற்கும், குகைக்குள் கோயில்கூட உண்டு. இங்கே அது பள்ளத்தில் கிடக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர், “இதெல்லாம் ஒரு காலத்துல கடலுங்க. தோண்டுனா கல்லுக்குள்ள சிப்பி கெடக்கும்” என்று தன் சொந்தக் கடலைப் போலப் பெருமையாகச் சொன்னார்.

அறை எடுத்த இடத்துக்குக் கீழே இருந்த ஓட்டலில் இட்லியும் சின்ன வெங்காயச் சாம்பாரும் சாப்பிட்டேன். என் மடியில் வந்த மூட்டையாகக்கூட இருக்கலாம். ஈப்போ வெள்ளைக் காப்பியை நினைத்து ஏங்குவேன் என்று பயந்திருந்தேன். மூன்றாவது டம்ளர் டிகிரி காப்பிக்குப் பிறகு அந்தப் பயம் போய்விட்டது.

மூன்றாம் நாள், ஞாயிறு. ஆட்டோக்காரர் கல்லங்குறிச்சி வழியாகத்தான் போக வேண்டும் என்றார். பெருமாளைப் பார்க்காமல் போனால் தங்கை திட்டுவாள் என்று இறங்கினேன். கோயிலில் கல் கம்பம்தான் பெருமாள். விளைந்த தானியத்தை மூட்டையோடு கொண்டுவந்து காணிக்கை போடுகிறார்கள். எனக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது. பத்தாவது பதக்கத்தைக் கொடுத்துவிடு என்று கேட்டேன். அதற்குமேல் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தனக்கொடியின் ஊர். சிமென்ட் கல் வைத்துக் கட்டிய வீடு, முன்பக்கம் பூசவே இல்லை. நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும் அவளுக்கு. வலது தோள் லேசாக இறங்கியிருந்தது. “வாங்கம்மா, உள்ள வாங்க” என்று கதவைத் திறந்தவள் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

எதிர்ச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கியது. மூலைமட்டத்தின் மேல் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. சூரியனுக்கு நடுவில் ஒரு சந்தனப் பொட்டு. நாடா போய்க் கறுப்புக் கயிறு வந்திருந்தது. கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அதே எண்.

“என்ன வேணும்னு சொல்லு, தர்றேன்” என்றேன்.

“ஒண்ணும் வேணாம்மா. எடுத்துக்கிட்டுப் போயிருங்க. சாயங்காலம் அவங்க வர்றதுக்குள்ள போயிருங்க, அது போதும்.”

எவங்க என்று கேட்டேன். தரையில் உட்கார்ந்து சொன்னாள். அவள் ஒரு கொத்தனார் கூட்டத்தில் சித்தாள். கலியபெருமாள் மேஸ்திரியின் கீழ் பத்துப் பேர், ஒரே குழுவாகப் பல வருடங்களாக வேலை செய்கிறார்கள். யாருக்காவது அடிபட்டுப் படுத்துவிட்டால் மேஸ்திரி இந்தப் பதக்கத்தைக் கொண்டுபோய் அந்த வீட்டு ஆணியில் மாட்டிவிடுவார். அது அங்கே தொங்குகிற வரைக்கும் அந்த ஆளின் இடத்துக்கு வேறு ஆள் எடுக்க மாட்டார்கள். குணமானதும் அவரே எடுத்துப்போய் வேலை நடக்கிற இடத்தில் மேஸ்திரி கையில் கொடுக்க வேண்டும். வீட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டார்.

“ஏழு மாசம் ஆச்சும்மா. கலவ தூக்கிக்கிட்டு ஏறயில ஏணி வழுக்கிடுச்சு. தோளு காறை எலும்பு ரெண்டா போச்சு. இனிமே தலையில பாரம் வெக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிப்புட்டாரு. பாரம் தூக்காத சித்தாளு என்னத்துக்கு? ஆனா எனக்குப் பதிலா ஆளே எடுக்கல அவங்க. மூணு பேரு தூக்குறத ரெண்டு பேரு தூக்குறாளுவ. ஒருத்திக்கு இடுப்பே புடிச்சுக்கிச்சு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து, எப்ப வரேன்னு கேக்குறாங்க. வரமாட்டேன்னு சொல்ல வாய் வரலம்மா. இது இங்க இல்லாம போச்சுன்னா கணக்கு முடிஞ்சிரும். வேற ஆள எடுத்துக்குவாங்க. அவளுவளாவது நிமுந்து நிப்பாளுவ.”

முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து நான் ஓய்வுபெற்ற மூன்றாம் நாள், என் நாற்காலியில் வேறு ஒரு தாதி உட்கார்ந்திருந்தாள். அதில் தப்பில்லை, உலகம் அப்படித்தான். இவளுக்கு ஏழு மாதமாக ஓர் இடம் காலியாக இருக்கிறது, அதைத் தாங்க முடியாமல் இவள் தவிக்கிறாள்.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டே பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். மனசு குறுகுறுத்தது, கை கேட்கவில்லை. அவளே தருகிறாள், அவள் நல்லதுக்குத்தான் தருகிறாள் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன்.

அப்போதே கிளம்பியிருக்கலாம். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “ஒரு வாய் சாப்புட்டுப் போங்கம்மா” என்றாள். கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட நெத்திலிக் கருவாடு. எங்கள் ஊரில் நெத்திலியைப் பொரித்துத் தேங்காய்ப்பால் சோற்றின் ஓரத்தில் வைப்பார்கள், அதோடு சரி. அதற்கு இத்தனை சாமர்த்தியம் இருப்பது எனக்கு இத்தனை வயதில்தான் தெரிந்தது. ஒரு வாய் மூன்று தட்டானது. சோம்பலில் சுவரில் சாய்ந்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம்.

கலியபெருமாள் மேஸ்திரி சீக்கிரமே வந்துவிட்டார். பின்னால் இரண்டு கொத்தனார்கள், கையில் வாழைப்பழச் சீப்பு. மேஸ்திரிக்கு அறுபதைத் தொடும் வயது, மெலிந்த ஆள். உள்ளே வந்ததும் முதலில் ஆணியைத்தான் பார்த்தார்.

“எங்க அது?”

தனக்கொடி என்னைப் பார்த்தாள். நான்தான் கைக்குட்டையைப் பிரித்தேன். ஒரே நாளில் நாற்பது பேருக்குப் பல் பிடுங்க உதவியபோதும் வராத வியர்வை அன்று எனக்கு வந்தது.

“நீங்க யாருங்கம்மா?” என்றார். சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் தனக்கொடி பக்கம் திரும்பினார். “இத வெளியூருக்குக் குடுத்தனுப்ப ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“வேற என்ன செய்யச் சொல்றீங்க? நீங்களும் திரும்ப வாங்க மாட்டேங்குறீங்க. என்னால இனிமே தலையில சொமக்க முடியாதுங்க மேஸ்திரி! ஏழு மாசமா இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாம கெடக்கேன்!” என்று உடைந்து அழுதாள்.

கொத்தனார்களில் ஒருவர் வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“எனக்குத் தொழில் கத்துக்குடுத்த மேஸ்திரி காலத்துச் சாமானுங்க இது. திருச்சியில பழைய பங்களா ஒண்ண இடிக்கிறப்ப மரபீரோவுக்குப் பின்னால கெடச்சுதாம். மட்டமும் கவராயமும் இருக்கவும், பாத்தியாடா, வெள்ளக்காரன் கொத்தனாருக்குப் பதக்கம் குடுத்திருக்கான்னு கண்ணுல ஒத்திக்கிட்டாரு. ஆயுத பூசையன்னிக்கு கழுத்துல போட்டுக்குவாரு. அப்புறம் ஒருத்தன் சாரத்துலேருந்து வுழுந்தான். என் எடத்துல வேற ஆளப் போட்டுருவீங்களேன்னு அழுதான். எங்க மேஸ்திரி கழட்டி அவன் வூட்ல மாட்டுனாரு. அன்னிலேருந்து இப்படித்தான். எந்தக் கொத்தனாரு வச்சிருந்ததோ, மகராசன்.”

உண்மையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. இதைப் போட்டிருந்தவர்கள் கொத்தனார்களே இல்லை, ஒரு செங்கல்கூட வைத்ததில்லை, பெரிய அதிகாரிகள் என்றேன்.

“வேல தெரியாதவன் எதுக்குங்க மட்டத்தக் கழுத்துல மாட்டிக்கிட்டான்?” என்றார் மேஸ்திரி, நிஜமான திகைப்போடு.

மனதைச் செம்மையாகக் கட்ட வேண்டும் என்பதற்கு அடையாளமாம் என்றேன். பழம் வைத்திருந்தவர் சிரித்துவிட்டார். “அடிபட்டா பாத்துக்குவாங்களா?” என்று கேட்டார். அவர்களும் செய்வார்கள், சகோதரன் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் திரட்டிக் கொடுப்பார்கள், அதைக் குறை சொல்லக்கூடாது என்றேன்.

“பொம்பளைங்க உண்டா அதுல?” இது தனக்கொடி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

“வாசலே தாண்ட முடியாது.”

“அப்ப கலவ யாரு தூக்குனது?”

அழுதுகொண்டிருந்தவள் கேட்ட கேள்விக்கு எல்லோருமாகச் சிரித்தோம். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

மேஸ்திரி கை கழுவுவதற்குப் பின்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை. “ஏ தனக்கொடி, இங்க வா” என்று குரல் மட்டும் வந்தது. எல்லோரும் போனோம். முன்பக்கம் பூசாத வீட்டில், பின்பக்கத்துக் குளியலறைச் சுவர் மட்டும் இடுப்பு உயரத்துக்குப் பூசியிருந்தது. மேஸ்திரி குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிச் சுவரின் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார்.

“யாரு பூசுனது?”

“நாந்தான். சும்மா ஒக்காந்திருக்க முடியல. பழைய பூச்சுக் கரண்டி ஒண்ணு கெடந்துச்சு. தோளு அதுக்கு மேல ஏறல, அதோட வுட்டுட்டேன்.”

“எங்க கத்துக்கிட்ட?”

“இருவது வருசமா பக்கத்துலதான நிக்கிறேன்.”

மேஸ்திரி கூட வந்தவர்களில் ஒருவரைப் பார்த்தார். அவரும் குந்திப் பார்த்தார், தடவினார், தலையை ஆட்டினார்.

“அரியலூர் வேலையில அடிச்சுவரு அம்புட்டும் பூசணும். குந்திக்கிட்டுச் செய்யுற வேலன்னா எவனும் வரமாட்டேங்குறான்” என்றார் மேஸ்திரி. “நாளைக்கு வந்துரு. தூக்குறதுக்குப் புது ஆளு பாத்துக்கிறேன்.”

“சித்தாளு கரண்டி புடிச்சா சிரிப்பாங்க மேஸ்திரி.”

“சிரிக்கிறவன் குந்தி ஒக்காந்து பூசட்டும். நீ வரயில அத நீயே எடுத்துக்கிட்டு வா.”

நான் பதக்கத்தை ஆணியில் மாட்டிவிட்டு அறைக்குத் திரும்பினேன். இரவு சரியாகத் தூக்கம் இல்லை. அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன், எனக்காகத் துக்கப்பட்டேன். இரண்டும் முழுசாகத்தான் இருந்தன.

நாலாம் நாள், ஊர் திரும்பும் நாள். ரயிலுக்கு நேரம் இருந்ததால் வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். அரியலூரிலேயே ஒரு மூன்று மாடிக் கட்டடம். தனக்கொடி எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். தலைவாரி, பூ வைத்து, சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தாள். பதக்கத்தை இரண்டு கையாலும் மேஸ்திரியிடம் கொடுத்தாள். சாரத்தில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். மேஸ்திரி வாங்கிக்கொண்டு புதுக் கரண்டி ஒன்றை அவளிடம் நீட்டினார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்ச் சுவரடியில் உட்கார்ந்தாள்.

மேஸ்திரி என்னிடம் வந்தார். “இப்ப இது யாரு வூட்டுக்கும் தேவப்படலங்கம்மா. அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. நாங்க செவுரு நேரு பாக்குற தூக்குக்குண்டு ஒண்ண வச்சுக்குறோம், மாட்டுறதுக்கு என்ன இருந்தா என்ன?”

உண்மையாகத்தான் கொடுத்தார். நானும் வேண்டாம் என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. பையில் வைத்து, கும்பிட்டு, கேட்வரை வந்துவிட்டேன். பெருமாள் கேட்டதைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

மேலே யாரோ சத்தம் போட்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் மாடி உயரத்தில், கட்டிய மூங்கிலில் வெறுங்காலோடு ஒருவர் நின்றிருந்தார். ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டிக் கலவைச் சட்டியை வாங்கினார். கீழே வலை இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. சட்டி கை மாறியது. அடுத்த சட்டிக்குத் திரும்பவும் கையை நீட்டினார்.

தூக்குக்குண்டு போதும்தான். ஆனால் அடுத்து விழப்போகிறவர் இத்தனை வருடமாகப் பார்த்து வைத்திருப்பது இதைத்தான். படுத்தபடியே ஆணியைப் பார்க்கும்போது அவருக்கு இதைத்தான் பார்க்கத் தோன்றும். எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி நடந்தேன்.

“என்னங்கம்மா, எதயாவது மறந்து வச்சுட்டீங்களா?” என்றார் மேஸ்திரி.

பதக்கத்தை எடுத்து நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மறுக்கவில்லை. துண்டால் துடைத்து, சாமான் பெட்டியில் ரசமட்டத்துக்கும் நூல்கண்டுக்கும் அடியில் வைத்தார்.

தனக்கொடி சுவரடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “குடுத்துட்டீங்களாம்மா?” என்றாள். பிறகு கலவையை எடுத்துச் சுவரில் அடித்தபடியே, “அந்தப் பொட்டியிலயே களிம்பேறிக் கெடக்கட்டும். இனிமே ஒருத்தர் வூட்டுக்கும் போக வேணாம்” என்றாள்.

முப்பது வருடமாகப் பழம் பித்தளையைக் களிம்பிலிருந்து காப்பதே ஞாயிற்றுக்கிழமைப் பிழைப்பாக இருந்தவள் நான். அன்று அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பதக்கத்துக்கு நன்றாகக் களிம்பேற வேண்டும், எழுத்தும் எண்ணும் தெரியாமல் போகும்வரை ஏற வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.